செத்தாலும் கிடைக்காத வேலை

நான் வேலை செய்த கோட்டல் குசினியை இழுத்து மூடின அண்டைக்கே நான் ஒரு முடிவெடுத்தன். இனி ஒரு வருசத்துக்கு ஒருத்தனுக்கும் வெங்காயம் வெட்டுறேல்லை. இவ்வளவு காலமும் நான் இந்த நாட்டுக்கு வரி கட்டினனான். இனி நாடு எனக்குக் கட்டட்டும்.

ஆனால் சுவிஸ்காரன் லேசில காசை விடமாட்டான். வேலையில்லாக் காசு வேணுமெண்டால் மாதாமாதம் வேலை தேடினதுக்கு அத்தாட்சி காட்டவேணும். வாற வேலையைத் தட்டினால் காசை வெட்டிப்போடுவினம். அப்ப என்ன வழி? செத்தாலும் எனக்குக் கிடைக்காத வேலையளாப் பார்த்து எழுதிப்போடுறது! பியானோ படிப்பிக்கிற வேலை. மலையேற வழிகாட்டுற வேலை. கடைசியா, பாடன் ரவுணில ஒரு சவப்பெட்டிக் கடையில பிரேதத்துக்கு உடுப்புப் போட்டுப் பெட்டியில வளர்த்திற வேலை. பேயெண்டால் எனக்குக் குலைநடுக்கம். கீழ் நிலவறைக்குப் போறதெண்டாலும் என்ர மனிசி சிவகலாவைத்தான் முன்னால விடுறனான்.

"இஞ்சேரும், இதை டொச்சுப் பாசையில எழுதித் தாரும். வடிவா எழுதிப்போடாதேயும்."

"ஏனப்பா?"

"வேலை கிடைச்சிடும்."

"வேலை கிடைக்கத்தானே எழுதுறது?"

"விசர்க்கதை கதையாதேயும். காசு கிடைக்க எழுதுறது!"

அவ சிரிச்சுக்கொண்டு எழுதினா. சிவகலா சிரிச்சால் நான் உசாரா இருந்திருக்கவேணும்.

அடுத்த கிழமையே சவப்பெட்டிக் கடையில இருந்து டெலிபோன். ஒரு நாள் வந்து வேலை செய்து பாக்கட்டாம். போகாட்டிக் காசு போச்சு. ஆனால் போய்ச் சொதப்பினால்? ஆர் என்னைக் குறை சொல்லுறது? ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டாமல் திட்டம் போட்டன். முதல்ல நாரிப்பிடிப்பு, குனியேலாதெண்டு. சரிவராட்டில் சமயத் தடை. அதுவும் சரிவராட்டில் மயக்கம்.

வெள்ளிக்கிழமை பாடன் முழுக்க ஒரே பனிப்புகார். ஆறு எங்க, றோட்டு எங்க எண்டு தெரியேல்லை. கடை முதலாளி வீட்மர் நெடுவல் மனிசன். கண்ணே வெட்டுறாரில்லை. என்னைக் கீழ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐஸ்பெட்டிக் குளிர். ஒரேயொரு மெழுகுதிரி. பெட்டிக்குப் பக்கத்தில ஒரு வயதுபோன பொம்பிளை, நல்ல நீலச் சட்டையோட வளர்த்தியிருக்கு. அவவின்ர ஒரு கண் சாதுவாத் திறந்திருந்தது. ஐயோ முருகா!

"காலைப் பிடியுங்கோ" எண்டார் வீட்மர்.

நான் வாயைத் திறந்தன்.

"இப்ப உங்களுக்கு நாரி பிடிக்குமே?"

எனக்குத் திக்கெண்டது. நான் இன்னும் ஒரு சொல்லும் சொல்லேல்லை.

"அது... எங்கட சமயத்தில..."

"உங்கட கடவுள் கோவிக்கமாட்டார்."

அந்தக் குளிரிலயும் எனக்கு முதுகால வேர்த்து வழிஞ்சுது. காத்தே இல்லை, மெழுகுதிரி என்ர பக்கம் சரியுது. ஆர் இந்தாளுக்குச் சொல்லுறது? அறையில நாங்கள் மூண்டு பேர்தான். அதில ஒராள் கதைக்கிற நிலையில இல்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தன். அந்தக் கண் முந்தினதை விட இன்னும் கொஞ்சம் திறந்திருந்தது.

நடிக்க வைச்சிருந்த மயக்கம் உண்மையாவே வந்திட்டுது. பின்பக்கமாச் சரிஞ்சன். நிலத்தில விழேல்லை. கதிரையில விழுந்தன். வீட்மர் அதை எனக்குப் பின்னால முன்கூட்டியே கொண்டுவந்து வைச்சிருக்கிறார்!

"ஆர்... ஆர் உங்களுக்குச் சொன்னது?"

மனிசன் குனிஞ்சு பெட்டி மூடியைத் துடைச்சார்.

"உங்கட மனிசி. நேற்று டெலிபோன் எடுத்தவ. நீங்கள் திங்கக்கிழமை வேலையைத் தொடங்கலாம்."

வீட்டுக்கு வந்து பேயாட்டம் ஆடினன்.

"என்ர திட்டம் உமக்கு எப்பிடித் தெரியும்? கனவில ஏதும் புலம்பினனானோ?"

"குப்பை கொண்டுபோய்ப் போடச் சொன்னால் நாரிப்பிடிப்பு. மீன் வெட்டச் சொன்னால் விரதம். ஜன்னல் துடைக்கச் சொன்னால் தலைசுத்து. உங்களிட்டை நாலாவது ஒண்டு இருக்கோ?"

"அது கிடக்கட்டும். இவ்வளவும் தெரிஞ்சும் அந்தாள் ஏன் என்னை எடுத்தவர்?"

சிவகலா தேத்தண்ணியை ஆத்திக்கொண்டே சொன்னா:

"நான்தான் சொன்னனான். என்ர மனிசன் நாள் முழுக்க ஆடாமல் அசையாமல் நீட்டி நிமிர்ந்து கிடப்பார், கூப்பிட்டாலும் ஏனெண்டு கேளார், உங்கட இடத்து ஆக்களோட நல்லா ஒத்துப்போவாரெண்டு!"