கிராமபோனுக்குப் பால் ஊற்றிய கதை

கொஞ்சம் விஞ்ஞானம் படித்த வருங்கால மாப்பிள்ளையைப் போல ஆபத்தான ஆள் வேறு யாரும் கிடையாது. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த ஆள் நான்தான்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு இருபத்தைந்து வயது. ஈப்போ சிலிபினில் வீடு, டவுனில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. ஐந்தாம் படிவத்தில் விஞ்ஞானத்தில் மட்டும் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். (அதிலும் தோற்றிருந்தால் பலருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.) கோலாலம்பூர் செந்தூலில் ரெஜினா என்ற ஆசிரியையை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்தது பெரியவர்கள். நானும் ரெஜினாவும் அதுவரை பேசியது மொத்தம் இரண்டு வார்த்தை. நான் "டீயா?" என்று கேட்டேன். அவள் "காப்பி" என்றாள்.

ரெஜினாவின் அப்பா லூர்துசாமி, ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவர். புண்ணைப் பார்ப்பது போலத்தான் மனிதர்களையும் பார்ப்பார், பேச்சு குறைவு. அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. பழைய கிராமபோன். அவர் வீட்டு ஹாலில் ஆறு கிராமபோன்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும். வருகிறவர்கள் நிற்க வேண்டியதுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டைப் பார்க்க அவர் சிலிபினுக்கு வந்தார். வீட்டைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், என்னை மட்டும் சரியாகப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் பள்ளித் தோழன் மணியம் வந்தான். அவன் அப்பா செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவுக்குச் சமையல்காரராக இருந்தவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது துரை கப்பலேறிப் போய்விட்டார். மணியம் குடும்பம் நாலு ஏக்கர் வாங்கி ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்தது. துரை விட்டுப் போன சாமான்களில் ஒன்று அவன் வீட்டில் கிடப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னான்.

"பெரிய குழாய் வச்ச பாட்டுப் பெட்டி மாமா. எங்கம்மா அதுலதான் வெங்காயம் போட்டு வச்சிருக்கு."

லூர்துசாமி மாமா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

செமோருக்குப் போய்ப் பார்த்தோம். அப்படி ஒரு கிராமபோனை நான் அதுவரை பார்த்ததில்லை. கீழே கனத்த மரப்பெட்டி. அதிலிருந்து யானைத் தும்பிக்கை போல ஒரு வளைந்த குழாய். அதன் முனையில் ஊமத்தம்பூ மாதிரி விரிந்த பச்சை நிறத் தகரப் பூ, இதழுக்கு இதழ் பொன்கோடு. ஒரு குழந்தை உள்ளே உட்காரலாம். மாமா வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். அங்கேயே வாங்கிவிட்டார்.

ஆனால் குழாயைக் கழற்ற முடியவில்லை. திருகாணி துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. கழற்றாமல் அதைப் பஸ்ஸில் ஏற்ற வழியில்லை. நிமிர்த்தி வைத்தால் சாய்ந்தது, படுக்க வைத்தால் உருண்டது. மாமா முதன்முறையாகக் கவலையோடு என்னைப் பார்த்தார். இந்த வாய்ப்பை விடுவேனா?

"நீங்க கவலப்படாதீங்க மாமா. நான் பத்திரமா ரயில்ல அனுப்பி வைக்கிறேன். செலவும் அதிகம் ஆகாது."

"பூ நசுங்காம வரணும் தம்பி" என்றார். "மத்தது எது போனாலும் சரிபண்ணிக்கலாம். பூ போச்சுன்னா போச்சு."

அடுத்த வாரமே ஈப்போவில் பெட்டி அடிக்கும் சீனத் தச்சர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை சுற்றி வந்து ஒரு தொகை சொன்னார். புதிதாக ஒரு கிராமபோன் செய்து தருவதற்கான விலை போலிருக்கிறது என்று நினைத்து அவரை அனுப்பிவிட்டேன். (நியாயமான விலைதான் சொன்னார். இப்போது தெரிகிறது.) பிறகு நானே ஒரு பெட்டியில் வைத்து முயன்றேன். வைக்கோல் திணித்தேன், ஆட்டினால் ஒரு பக்கமாக ஒதுங்கியது. பழைய பேப்பரைக் கசக்கி அடைத்தேன். பூ உள்ளே கடகடவென்று ஆடியது.

அப்போதுதான் அலுவலகத்துக்குப் புது டைப்ரைட்டர் ஒன்று வந்தது. பெட்டியைத் திறந்தால், டைப்ரைட்டரின் உருவத்துக்கு அச்சாக வெட்டிய ரப்பர் மெத்தைக்குள் அது குழந்தை மாதிரி படுத்திருந்தது. நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மெத்தை ரப்பரில் செய்தது. ரப்பர் பாலில் இருந்து வருகிறது. பால் மரத்தில் இருந்து வருகிறது. மரம் மணியத்திடம் இருக்கிறது. என் ஆயுளில் அவ்வளவு வேகமாக நான் யோசித்தது அன்றைக்கு மட்டும்தான்.

சனிக்கிழமை காலை செமோரில் மணியத்தின் கொட்டகையில் வேலை தொடங்கியது. பழைய பலகைகளை அடித்து, ஒரு ஆள் படுக்கும் நீளத்துக்குப் பெட்டி செய்தோம். கிராமபோனை பிளாஸ்டிக்கில் சுற்றி உள்ளே இறக்கினோம். பெட்டிக்கும் பிளாஸ்டிக் விரித்தோம். அன்றைக்கு வெட்டிய பால் முழுக்க வாளி வாளியாக வரிசையில் நின்றது. மணியத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"பால் கட்டிப் போச்சுன்னா எப்படி வெளிய எடுக்கறது மச்சான்?"

"இட்லி மாதிரி கழண்டு வந்திரும்லா."

"ரெண்டு நாள் கிடந்தா நாறுமே."

"நாளைக்கே செந்தூல் போயிரும். ரொம்ப செனாங் வேலைடா இது."

செனாங் என்றால் மலாயில் சுலபம். அந்தச் சொல்லை நான் பிறகு வெகுநாள் பயன்படுத்தவில்லை.

பாலை ஊற்றினோம், அது கட்டுவதற்கு மணியம் ஆசிட்டைக் கலந்தான், ஒரு குச்சியால் கிண்டினோம். மத்தியானத்துக்குள் பால் கட்டியது. வெள்ளை வெளேரென்று, விரலால் தட்டினால் மெல்ல அதிர்ந்தது.

"தாவ்ஃபூ மாதிரி இருக்குலா" என்றான் மணியம், சீனர்களின் சோயாப்பால் கட்டியைச் சொல்லி. அவன் குரலில் மரியாதை இருந்தது.

மூடியை அடித்து, பக்கப் பலகைகளில் சிவப்பு மையால் "உடையும் பொருள், கவனம்" என்று மூன்று மொழிகளில் பெரிதாக எழுதினேன். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். பெட்டி அசையவில்லை. எல்லாவற்றையும் கணக்கிட்ட நான் பாலுக்கு எடை உண்டு என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அக்கம்பக்கத்து ஆட்கள் ஆறு பேர் வந்து லாரியில் ஏற்றினார்கள். ஆறு பேரும் போகும்போது என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஈப்போ ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா வயதான தமிழர்.

"உள்ள என்னாப்பா?"

"கிராமபோன் அண்ணே."

அவர் தராசைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எத்தன கிராமபோன்?"

"ஒண்ணு."

அவர் ரசீது எழுதினார். அந்தத் தொகைக்குச் சீனத் தச்சர் இரண்டு பெட்டி அடித்துக் கொடுத்து, மாலையும் போட்டிருப்பார்.

இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை. மறுநாள் தொடங்கி நோன்புப் பெருநாள் விடுமுறை. நாட்டில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். மாமாவும் பெட்டி அடுத்த வாரம்தான் வரும் என்று வீட்டில் இருந்துவிட்டார். கோலாலம்பூர் சரக்குக் கொட்டகையில், தகரக் கூரையின் கீழ், என் விஞ்ஞானம் நாலு நாள் வெந்துகொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் அலுவலகத்துக்குத் தந்தி வந்தது. ரெஜினா கொடுத்தது.

"பெட்டி வந்தது. உள்ளே யார் என்று அப்பா கேட்கிறார். உடனே வரவும்."

மணியத்தையும் இழுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். சரக்குக் கொட்டகைக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. மூக்கே கூட்டிக்கொண்டு போனது. ரப்பர்ப் பால் அழுகினால் வரும் நாற்றம் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பழக்கம். டவுன்காரர்கள் அதை வேறு மாதிரி புரிந்துகொள்வார்கள். பெட்டியின் பலகை இடுக்குகளில் இருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அது நான் எழுதிய சிவப்பு மையையும் கரைத்து இழுத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் ஓடியிருந்தது. ஆள் நீளப் பெட்டி, அந்த நாற்றம், சிவப்பாக ஓடும் நீர். பத்தடி தள்ளி மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் ஒரு மலாய்ப் போலீஸ்காரர், கைக்குட்டையோடு மாமா, அவர் பின்னால் ரெஜினா.

"இதை அனுப்பியது யார்?" என்று போலீஸ்காரர் மலாயில் கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். சரியாக அதே நேரத்தில் மணியம், பெட்டியைத் திறக்கலாம் என்ற நல்ல எண்ணத்தில், பேப்பரில் சுற்றி வைத்திருந்த பால் வெட்டும் கத்தியை வெளியே எடுத்தான்.

கூட்டம் இன்னும் பத்தடி தள்ளிப் போனது. கத்தியைக் கீழே போடச் சொன்னார்கள். எங்களைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்கள். வருங்கால மாமனார் முன்னால், கைகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, சுவரில் ஓடும் ஒரு பல்லியைப் பார்த்தபடி, இனி இந்தக் கல்யாணம் நடக்காது என்று நான் முடிவு செய்தேன்.

போலீஸ்காரர் கடப்பாரையால் மூடியை நெம்பினார். எல்லாரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். அவர் மட்டும் குனிந்து பார்த்து, மறுபடி ஒருமுறை முகர்ந்தார். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது.

"கெத்தா" என்றார். ரப்பர். அவருடைய அப்பாவும் பால் வெட்டியவராம். எங்களைத் திரும்பச் சொல்லி, கத்தியை மணியத்திடம் கொடுத்துவிட்டு, போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனார்.

பிறகு மூன்று மணி நேரம் நானும் மணியமும் வெட்டினோம், அறுத்தோம், காலை வைத்து மிதித்து இழுத்தோம். இட்லி மாதிரி எதுவும் கழன்று வரவில்லை. கட்டிய பால் நாளாக நாளாகச் சுருங்கும் என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சனிக்கிழமை காலை மட்டும் தெரியவில்லை. அது சுருங்கிய சுருக்கத்திலும் நாங்கள் இழுத்த இழுப்பிலும், ஊமத்தம்பூ மடக்கிய குடையாக வெளியே வந்தது. பிளாஸ்டிக் எங்கேயோ கிழிந்து, குழாயின் உள்ளேயும் மரப்பெட்டியின் உள்ளேயும் பால் புகுந்து கட்டியிருந்தது. கைப்பிடியைச் சுற்றினேன். ரப்பர் மாதிரி இழுத்து, ரப்பர் மாதிரியே திரும்பி வந்தது.

மாமா பக்கத்தில் வந்து நின்றார். ஒவ்வொரு இதழாகத் தொட்டுப் பார்த்தார். அப்படித் தொட்டுப் பார்த்ததற்கு இரண்டு அறை கொடுத்திருக்கலாம். கடைசியில் என்னை, முதன்முறையாக முழுசாக, தலை முதல் கால் வரை பார்த்தார்.

"நான் இத பாட வைக்கலாம்னு வாங்குனேன் தம்பி" என்றார். "நீங்க பால் ஊத்தி அனுப்பிட்டீங்க."

முதலில் சிரித்தது ரெஜினா. வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனாள். சிரிப்புச் சத்தம் தூணுக்கு இந்தப் பக்கமும் கேட்டது. பின் மணியம் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை. நான் எந்தப் பக்கம் சேருவது என்று தெரியாமல், கையில் ஒரு துண்டு அழுகிய ரப்பரோடு நின்றேன்.

மூன்று வாரம் செந்தூலில் இருந்து ஒரு சேதியும் இல்லை. என் அம்மா மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டே இருந்தார். நாலாவது வாரம் மாமாவிடம் இருந்து நாலு வரியில் ஒரு கடிதம் வந்தது. கல்யாணத் தேதியைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் நீங்கள் வந்து உங்கள் பாலைச் சுத்தம் செய்துவிட்டுப் போங்கள் என்று எழுதியிருந்தார்.

போனேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனிக்கிழமைகளில் போனேன். மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கும் பிரஷ், சீவிய மூங்கில் குச்சி. ஹாலில் தரையில் உட்கார்ந்து, பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் ரப்பரைக் கிள்ளி எடுத்தேன். மேசையில் ரெஜினா பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பாள். நிச்சயமான பெண்ணும் பையனும் ஒரே ஹாலில் உட்காருவது அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் நடக்காத காரியம். நாங்களோ வேலையாக உட்கார்ந்திருந்தோம்; யாரும் எதுவும் சொல்ல முடியாது. முதல் சனிக்கிழமை அவள் "இன்னும் நாறுது" என்றாள். இரண்டாவது சனிக்கிழமை, தந்தி கொடுக்கும்போது தபாலாபீஸ்காரர் அவளை இரண்டு முறை வாசிக்கச் சொன்ன கதையைச் சொன்னாள். மூன்றாவது சனிக்கிழமையில் இருந்து நான் குச்சியைக் கொஞ்சம் மெதுவாகவே செலுத்தத் தொடங்கினேன்.

நாலைந்து மாதம் போனது. ஒருநாள் மாமா உள்ளே எட்டிப் பார்த்து, நான் அன்றைக்கு எடுத்து வைத்திருந்த ரப்பரைப் பார்த்தார். கடுகளவு இருந்தது.

"இந்த வேகத்துல போனா இதுல பாட்டு கேக்கப் போறது என் பேரன்தான்" என்று சொல்லிவிட்டு, காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து தேதி குறித்தார்.

கிராமபோன் ஒருவழியாகப் பாடியது. நசுங்கிய குடையின் வழியாக வந்ததால், யார் பாடினாலும் ஜலதோஷம் பிடித்தவர் பாடுவது போலக் கேட்டது. மாமா அதை மற்ற ஆறோடு சேர்த்து வைக்கவில்லை. வாசலுக்கு நேர் எதிரே தனி நாற்காலி போட்டு வைத்தார். வருகிறவர்கள் கேட்காமல் இருக்க முடியாத இடம். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். "மருமகன் அனுப்பினாரு."

அதன்பிறகு அந்த வீட்டில் எந்தப் பொருளைக் கட்டினாலும் என்னைப் பக்கத்தில் விடுவதில்லை. கிறிஸ்மஸ் பலகாரத்தை டின்னில் அடைத்தாலும் சரி, என் மகளின் பள்ளிக்கூடப் பையை அடுக்கினாலும் சரி, "அப்பாவக் கூப்பிடாதீங்க, பால் ஊத்திருவாரு" என்று ஒரு குரல் வரும்.

எண்பதுகளின் கடைசியில் மாமா படுக்கையில் விழுந்தார். பார்க்க வந்தவர்களிடம் மெல்லிய குரலில், "நான் போனா எல்லாரும் வாங்க. பெட்டிய மூடுறப்ப மட்டும் மருமகன தூரமா நிக்க வைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி நர்ஸிடம்கூடச் சொல்லி வைத்திருந்தார்.

அடக்கத்தின் அன்று ஜெபம் முடிந்து பெட்டியை மூடும் நேரம் வந்தது. மூத்த மருமகன் என்ற முறையில் நான் இரண்டடி முன்னால் எடுத்து வைத்தேன். அழுது முகம் வீங்கியிருந்த ரெஜினா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க தள்ளி நில்லுங்க. அப்பா சொல்லியிருக்காரு."

வீடே அழுகையும் சிரிப்புமாகக் குலுங்கியது. என் மாமியார் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் எடுத்து வைத்த இரண்டடியையும் திருப்பி எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன்.

மூடியைச் சரிபார்த்து, நிதானமாகத் திருகாணி முடுக்கியது மணியம். அன்றைக்கு ஆசிட்டைக் கலந்தது அவன்தான் என்பது யாருக்கும் நினைவில்லை. அவனும் சொல்லவில்லை.