துணை இயக்குநரின் எடை

ஒரு நாய் குண்டாக இருப்பது எந்தச் சட்டத்தின் கீழும் குற்றமல்ல. ஆனாலும் எடையளவுத் துறை இயக்குநரின் நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகும் பொறுப்பு கண்காணிப்பாளர் தலையில் விழுந்தது. அவருக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. பதவி உயர்வுக்குக் காத்திருப்பவன் தலையைப்போல மிளகாய் அரைக்கத் தோதான இடம் வேறில்லை.

இயக்குநரின் குடியிருப்பு அலுவலகத்துக்குப் பின்புறமே இருந்தது. காலையில் அவர் நடந்து வருவார். பின்னால் நாய் வரும். எல்லாரும் எழுந்து நிற்பார்கள். இயக்குநர் அறைக்குள் போன பிறகும், நாயும் உள்ளே போகும்வரை ஒருவரும் உட்காரமாட்டார்கள். அதனால் அதற்குத் 'துணை இயக்குநர்' என்று பெயர் வந்துவிட்டது. அசல் துணை இயக்குநருக்கு இதில் மனத்தாங்கல்தான். ஆனால் மேசை இழுப்பறையில் கிரீம் பிஸ்கட் வைத்திருந்தவர்களில் அவரும் ஒருவர்.

வைக்காதவர் யார்? எழுத்தர் வெண்ணெய் பிஸ்கட் வைத்திருந்தார், தட்டச்சர் கேக். நாய் மேசை மேசையாக ஆய்வுக்கு வரும். "தம்பி இன்னிக்கு என் கையாலதான் சாப்பிட்டான் சார்" என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டால் அன்றைக்கு விடுப்பு கேட்கலாம்.

மருத்துவர் இளம்பெண். பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. நாயை எடைமேடையில் தூக்கி வைக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"இது நாயா, கால் முளைச்ச தலையணையா?"

"இயக்குநரோட நாய், டாக்டர்" என்றார் கண்காணிப்பாளர், தலையணை காதில் விழாததுபோல.

"யாரோடதா இருந்தா என்ன? இருக்க வேண்டியதுக்கு ஒன்றரை மடங்கு இருக்கு. மூட்டு தேயுது, இதயம் திணறுது. சாப்பாட்டைப் பாதியாக்குங்க. பிஸ்கட் வாசனைகூடக் காட்டாதீங்க. ரெண்டு வேளை நடக்க விடுங்க. இல்லேன்னா ரொம்ப நாள் தாங்காது."

திரும்பி வரும் வழியில் வண்டியில் நாய் கண்காணிப்பாளரின் செருப்பின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. அந்த அலுவலகத்தில் அவரிடம் கையெழுத்துக் கேட்காத ஒரே ஜீவன்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றார் இயக்குநர்.

"சற்றே செழிப்பாக உள்ளதாக அபிப்பிராயப்படுகிறார் சார்."

"குண்டுங்கறாங்களா?" இயக்குநர் தம் சட்டையின் நடுப்பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நேத்துப் படிச்சு முடிச்ச பொண்ணு. நம்பலாமாய்யா?"

மேலதிகாரி "நம்பலாமா?" என்று கேட்டால் அது கேள்வியல்ல, ஆணை. மருத்துவர் சொல்லின் நம்பகத்தன்மையை ஆராய உடனே ஒரு குழு அமைந்தது. தலைவர், அசல் துணை இயக்குநர். உறுப்பினர், கண்காணிப்பாளர். வெளி நிபுணர், இயக்குநரின் மைத்துனர். அவர் கைபேசியிலேயே ஒரு வகுப்பு படித்து முடித்து 'நாய் உணவு ஆலோசகர்' ஆகியிருந்தார்.

"நாய்ங்கறது யாரு? ஓநாயோட பேரன்" என்று தொடங்கினார் மைத்துனர். "காட்டுல ஓநாய்க்கு எந்த டாக்டர் அளந்து போட்டாங்க? பச்சை இறைச்சி, பச்சை முட்டை, மேலே ரெண்டு கரண்டி எண்ணெய். ஆதி உணவு! இப்ப விவரம் தெரிஞ்சவங்க எல்லாரும் இதைத்தான் போடுறாங்க."

காட்டில் ஓநாய்க்கு பிஸ்கட் போட்டது யார் என்று கேட்கக் கண்காணிப்பாளருக்கு நாக்கு நுனி வரை வந்தது. பதவி உயர்வு ஞாபகம் வந்ததும் உள்ளே திரும்பிப் போய்விட்டது.

குழு மருத்துவமனைக்குக் கிளம்பியது.

"முதல்ல உங்க எடைமேடை சரியான்னு பார்க்கணும்" என்றார் தலைவர்.

"தாராளமா பாருங்க. முத்திரை உங்க துறை போட்டதுதான்" என்றார் மருத்துவர்.

மேடை தப்பென்றால் முத்திரை போட்ட துறை தப்பு. மேடை சரியென்றால் இயக்குநரின் நாய் குண்டு. துறையின் மானமா, இயக்குநரின் மனமா? மைத்துனர் மின்விசிறியைப் பார்த்தார். தலைவர் மட்டும் அசரவில்லை. பழம் தின்று கொட்டை போட்டவர்.

"முத்திரை சரி, மேடையும் சரி. ஆனா ஆடு, கன்னுக்குட்டி நிறுக்கன்னுதானே வாங்கியிருக்கீங்க? நாயின்னு எங்கே போட்டிருக்கு?"

ஆகவே, நாய் என்னும் இனம் உரியமுறையில் சேர்க்கப்படும்வரை மேடை பறிமுதல் செய்யப்பட்டு வண்டியில் ஏறியது.

"இனிமே நான் எதுல எடை பார்க்கிறது?"

"தற்போதைக்கு உத்தேசமா பாருங்கம்மா."

யார் மனமும் கோணாமல் ஓர் இடைக்கால ஏற்பாடும் ஆயிற்று. மருத்துவர் சொன்னபடி சாப்பாடு பாதியானது. காலியான பாதியில் மைத்துனர் சொன்ன ஆதி உணவு வந்து உட்கார்ந்தது. பிஸ்கட் எவருடைய அதிகார வரம்புக்குள்ளும் வராததால் தொடர்ந்தது.

ஒருநாள் காலை நாய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டது. ஏற முடியவில்லை. கண்காணிப்பாளரைப் பார்த்து வாலை மட்டும் ஆட்டியது. அவர் முதுகு பிடித்துக்கொள்ள அதைத் தூக்கி உள்ளே விட்டார். அன்றே தம் இழுப்பறையிலிருந்த பிஸ்கட்டைக் குப்பையில் கொட்டினார். மதிய இடைவேளையில் ஒருவருக்கும் சொல்லாமல் நாயைக் கட்டடத்தைச் சுற்றி நடக்க அழைத்துப் போனார். என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் ஒரு கை பிஸ்கட்டோடு நீண்டது. நடக்க நடக்க எடை கூடிய நாய் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

குழு இன்னும் முடிவெடுக்காத நிலையில் இயக்குநர் ஓய்வு பெற்றார். மாலை, சால்வை, கண்ணீர் எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. குடியிருப்பைக் காலி செய்யச் சில மாதம் அவகாசம் இருந்தது.

மறுநாள் காலை நாய் தனியாக அலுவலகத்துக்கு வந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மேசை மேசையாகப் போய் நின்றது. எல்லாரும் தலை நிமிராமல் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு வேலை அந்த அலுவலகத்தில் அதற்குமுன் நடந்ததே இல்லை. மைத்துனரும் அக்காள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

வீட்டைக் காலி செய்யுமுன் நாயை மருத்துவரிடம் காட்ட மாஜி இயக்குநரும் கண்காணிப்பாளரும் போனார்கள். மேடை திரும்பி வந்திருக்கவில்லை. மருத்துவர் இரண்டு கையாலும் அனாயாசமாக நாயைத் தூக்கிப் பார்த்தார்.

"அடேங்கப்பா! என் பேச்சைக் கேட்டு ஒழுங்கா நடந்திருக்கீங்களே."

"யாரும் கேக்கலம்மா. நான் ரிட்டயர் ஆயிட்டேன், அவ்வளவுதான்" என்றார் மாஜி இயக்குநர். பிறகு கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார். "ஏன்யா, எல்லாரும் இவன்மேல உசுரையே வெச்சிருக்காங்கன்னு நினைச்சிட்டேனே."

கண்காணிப்பாளர் குனிந்து நாயின் காதைத் தடவிக்கொடுத்தார். மாஜி இயக்குநரும் நாயும் வெளியே போனார்கள். நாய் துள்ளிக்கொண்டு படியிறங்கியது. கண்காணிப்பாளர் மட்டும் கதவோரம் தயங்கி நின்றார்.

"என்ன சார், வேற ஏதாவது?" என்றார் மருத்துவர்.

"ஒண்ணுமில்ல டாக்டர். புது இயக்குநர் வீட்டுல ஒரு பூனை இருக்காம்…"

"சந்தோஷம். இப்பவாவது முன்கூட்டியே வந்தீங்களே. பூனைக்கு எது நல்லதுன்னு தெரியணும், அதானே?"

"இல்ல டாக்டர்." அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எது பிடிக்கும்னு."