சிவப்பு மூடி டப்பா

திருடனாவது என்று ஒரு மாலை முடிவு செய்தேன். என் வீட்டில், நான் வாங்கிய ஃப்ரிட்ஜிலிருந்து, என் மனைவி சமைத்ததை எடுத்துச் சாப்பிடுவதற்குப் பெயர் திருட்டு. அந்தப் பெயரை வைத்தவளும் அவள்தான்.

அவள் ஒரு ரக்பி கிளப்பில் உணவு ஆலோசகர். ஒரு கோணல் பந்துக்காகத் தடித்தடி ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளுவார்களே, அந்த ஆட்டம். யார் எதைத் தின்ன வேண்டும் என்பது அவள் உத்தரவு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அணிக்கு மஞ்சள் மூடி டப்பா: வளர்கிற வயசு, பவுடர் கிவுடர் எதுவும் கூடாது, பாலும் பழமும் ரொட்டியும் வயிறார. விடுமுறை நாளில் மட்டும் ஆடுகிற ஆபீஸ்காரர்களுக்கு நீல மூடி: ஆட்டத்துக்கு முன்னால் லேசாக, பின்னால் தாராளமாக. சம்பளம் வாங்கி ஆடுகிற முதல் அணிக்குச் சிவப்பு மூடி. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவர்களை எடை போட்டு, வியர்வையில் எவ்வளவு போயிற்று என்று பார்த்து, முட்டித் தள்ளுகிறவனுக்கு ஒரு அளவு, ஓரமாக ஓடுகிறவனுக்கு ஒரு அளவு என்று ஆளுக்கு ஆள் வைப்பாள்.

எனக்கு மூடியெல்லாம் கிடையாது. தட்டுதான். என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் உதட்டைப் பிதுக்கிய நாளிலிருந்து அதில் உப்புச் சப்பில்லாத வெந்த காய். நான் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன். அவள் தட்டை எடுத்துக் கழுவப் போட்டுவிடுவாள்.

அவள் மைதானத்துக்குப் போன பிறகு பின்னறைக்குள் நுழைந்தேன். அணிகளுக்குச் சமைத்த டப்பாக்களை அங்கே ஃப்ரிட்ஜில்தான் வைப்பாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜ் தனக்குள்ளே ஏதோ முணுமுணுத்தது. முன்வரிசையில் இருந்த சிவப்பு மூடியைத் திறந்தேன். கொண்டைக்கடலை, சுட்ட மீன், பூசணிக்காய். நின்றபடியே கையால் அள்ளித் தின்றேன். தேவாமிர்தம். டப்பாவைக் கழுவி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். திருடனுக்கும் ஒரு ஒழுக்கம் வேண்டாமா.

அன்று வீட்டில் பூகம்பம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுநாள் மாலை அதே இடத்தில் அதே டப்பா நிறைந்திருந்தது.

அடுத்த நாள் மூடியின் மேல் ஒரு கரண்டி இருந்தது.

சட்டென்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது, ஆனாலும் திரை லேசாக ஆடியது. பேய்க்குக் கரண்டி எதற்கு என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். குரல் கீச்சென்று வந்தது. ஆனாலும் தின்றேன். சட்டையில் குழம்பு சிந்தியது. மறுநாள் கரண்டிக்குப் பக்கத்தில் மடித்து வைத்த கைத்துண்டு. ஒரு நாள் காரம் போதாமல் மிளகுத்தூள் டப்பாவைத் தேடியெடுத்துத் தூவிக்கொண்டேன். அதற்கடுத்த நாள் மிளகு ஏற்கெனவே தூவியிருந்தது.

அதைவிடப் பெரிய பயம் இடுப்பில் ஆரம்பித்தது. பேன்ட் நழுவியது. பின்னறையில் இருந்த, அவள் ஆட்டக்காரர்களை எடை போடுகிற கருவியில் ஏறினேன். இளைத்திருந்தேன். அடுத்த வாரம் இன்னும் இளைத்திருந்தேன். ஒரு முரட்டு ஆட்டக்காரனின் சாப்பாட்டைத் தின்னத் தின்னத் தேய்கிறவன் உலகத்தில் உண்டா? நான் தின்பதை எனக்குள்ளே உட்கார்ந்து வேறு யாரோ தின்கிறார்களா? கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஒரு நாள் காலை முதல் அணித் தலைவன் டப்பாக்களை எடுக்க வந்தான். கிளப்பில் அவனை மலை என்பார்கள். அவன் வாசலில் நின்றால் வீடு இருட்டிவிடும். எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டான். முன்வரிசைச் சிவப்பு டப்பாவை மட்டும் விட்டுவிட்டான். அதையும் எடுத்துக்கொள் என்றேன், வீட்டுக்காரன் தோரணையில்.

எதிரணி மொத்தமாக வந்து மோதினாலும் அசையாதவன், ஒரு அடி பின்னால் போனான்.

"அதை நாங்க தொடக் கூடாது சார்."

"ஏன்பா?"

"மேடம் கண்டிப்பா சொல்லியிருக்காங்க. எங்க ஆளு ஒருத்தன் ஒரு நாள் தெரியாம அதையே தின்னுட்டு ஆட வந்தான். பாதி ஆட்டத்துல கால் ரெண்டும் நடுங்கி உக்காந்துட்டான் சார்."

நான் நாட்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அவன் ஒரு நாள் தின்றவன். நான் வாரக்கணக்கில் தின்றிருக்கிறேன்.

ராத்திரி அவள் வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திருட்டு, கரண்டி, எடை, மலை சொன்னது. மானம் போனால் போகட்டும், உயிர் இருக்கட்டும்.

"இன்னும் எத்தனை நாள் இருப்பேன்னு மட்டும் சொல்லிடு."

"டாக்டர்கிட்ட அடுத்த தடவை போற வரைக்கும் நிச்சயமா இருப்பீங்க. அவர் உங்களைப் பார்த்து சந்தோஷப்படணும்."

"அந்த டப்பால என்னதான் இருக்கு?"

"உங்க சாப்பாடு. உங்க உடம்புக்கு அளந்தது. மலை மாதிரி ஆளுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி, கால் நடுங்காம என்ன செய்யும்?"

"அப்போ தட்டுல வச்சது?"

"அது நீங்க தள்ளி வைக்கறதுக்கு."

ஷூவை ஓரமாக வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "எல்லா மட்டத்து ஆளுங்களையும் பார்த்துட்டேங்க. அம்மா மிரட்டினா சாப்பிடறது பிள்ளைங்க. ஆட்டத்துக்காகச் சாப்பிடறது ஆபீஸ்காரங்க. சம்பளத்துக்காகச் சாப்பிடறது முதல் அணி. திருடினாத்தான் சாப்பிடற ஆளு நீங்க ஒருத்தர்தான். டாக்டர் சொன்ன அன்னைக்கு எவ்வளவு பயந்தேன் தெரியுமா? வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

சாகப் போவதில்லை என்ற நிம்மதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் ரோஷம் வந்தது. இனிமேல் அந்தப் பின்னறைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன், எனக்கு வேண்டியதை நேராக என் தட்டிலேயே வை, உன் கண் முன்னால் மிச்சமில்லாமல் தின்று காட்டுகிறேன் என்று அடித்துச் சொன்னேன். அவள் மறுபேச்சு பேசாமல் சரி என்றாள். வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

மறுநாள் நான் தட்டை வழித்துக்கொண்டிருக்கும்போது மலை போனில் என்னைப் பற்றிக் கவலையாக விசாரித்தான் போலிருக்கிறது.

"பரவாயில்லப்பா," என்றாள் அவள், "பிள்ளைங்க அணி மட்டத்துக்கு வந்துட்டார்."