வடக்குச் சரிவில் பஞ்சுப் பனி

இந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமையைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று கார்த்திகையிலேயே சபதம் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை என்றால் எனக்கு முன்னூற்றுநாலு சீட்டாட்டம். ஊருக்கு மேற்கே, இல்-பிசாரில் குணரத்தினம் அண்ணை வீட்டு பேஸ்மென்ட். நாலு கதிரை, நாலு பேர், ஒரு சீட்டுக்கட்டு, அண்ணி சுடச்சுடக் கொண்டுவந்து வைக்கும் மட்டன் ரோல்ஸ். அண்ணையும் நானும் ஒரு சோடி. நாங்கள் வெல்வதில்லை. அதற்காக விட்டுவிட முடியுமா?

என் மனைவி கஜந்தினிக்குச் சீட்டைக் கண்ணிலும் காட்டக் கூடாது. ஆகவே நான் பனியில் சறுக்கும் ஸ்கீ வாங்கினேன்.

குழம்பாதீர்கள். சனி காலையில் ஸ்கீயைக் காரின் கூரையில் கட்டி, "மலைக்குப் போறன்" என்பேன். எங்கள் வீடு அஹுன்ட்சிக்கில். மலைக்கு வடக்கே போக வேண்டும். நான் மேற்கே திருப்புவேன். மாலையில் வந்து கதை அளப்பேன். மலையின் வரைபடம் எனக்கு மனப்பாடம். பச்சை வட்டம் போட்ட பாதை பழகுகிறவர்களுக்கு. நீலச் சதுரம் நடுத்தரம். கறுப்பு வைரம் கெட்டிக்காரருக்கு. நான் அதற்கும் மேலே. பாதையே இல்லாத இடத்தில், மரங்களுக்கு நடுவே இறங்குகிறவன். பாதையில் போகிறேன் என்று சொன்னால் தெரிந்த யாராவது "உன்னை அங்கை காணேல்லையே" என்று கேட்டுவிடலாம். காட்டுக்குள் யார் பார்ப்பது? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"இண்டைக்கு எங்கை இறங்கினியள்?" என்று கஜந்தினி கேட்பாள்.

"வடக்குச் சரிவு. காட்டுப் பக்கம்."

"ஸ்னோ எப்பிடி?"

"பஞ்சு மாதிரி."

"ம்."

அவளும் சனிக்கிழமைகளில் வீட்டில் இருப்பதில்லை. சிநேகிதி றோசலின் வீட்டில் தையல் பழகுகிறாள். இத்தனை நாளாகியும் ஒரு தலையணை உறைகூட வீட்டுக்கு வரவில்லை. நான் கேட்கவில்லை. நான் கேட்டால் அவளும் கேட்பாளே! தை மாதம் அவள் முகம் கறுத்து, கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாக இருந்தது. ஏதோ புதுக் கிறீம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாவப்பட்டேன்.

போன சனி கூரையில் ஸ்கீயைக் கட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் வந்தது.

"நானும் வாறன்."

"எங்கை?"

"மலைக்குத்தான். வேறை எங்கை போறனீங்கள்?"

"அப்ப தையல்?"

"றோசலினுக்கு இண்டைக்கு வேறை அலுவல்."

"கஜா, நான் போறது பாதையில்லாத காடு. உமக்கு ஏலாது."

"நீங்கள் காட்டுக்குள்ளை போங்கோ. நான் பச்சையிலை நிண்டு பழகிறன்."

யோசித்தேன். அவள் பச்சையில், நான் அடிவாரக் கன்ரீனில். பிழையில்லை. ஆனால் அண்ணைக்கு எப்படிச் சொல்வது? அவள் பக்கத்திலேயே இருந்ததால் போனைத் தொட முடியவில்லை. நாலாவது ஆள் இல்லாவிட்டால் ஆட்டமே நின்றுவிடும். வழி முழுக்க எனக்கு அதே கவலை.

மலையில் முதலாவது குழப்பம், சப்பாத்து காலுக்குள் போகவில்லை.

"வலக்கால் சப்பாத்தை இடக்காலிலை போடுறியள்" என்றாள்.

"காட்டுக்குள்ளை போறவை இப்பிடித்தான் போடுறது."

"ம்."

அவள் வாடகை ஸ்கீயை டக்கென்று மாட்டிக்கொண்டாள். "உங்கட வழி தொடங்கிற இடத்தை மட்டும் காட்டுங்கோ. பேந்து நான் பச்சையாலை இறங்கிறன்." பச்சைப் பாதையும் உச்சியில்தான் தொடங்குகிறது. என் வரைபடமே என்னைக் கைவிட்டது.

கம்பியில் தொங்கும் கதிரைகளில் ஆட்களை உச்சிக்கு ஏற்றும் லிஃப்ட்காரன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "பொன்ஜூர், கஜா!"

"உமக்கு இவனைத் தெரியுமோ?"

"ஆரோ எண்டு நினைக்கிறான் போல."

ஆரோ என்று நினைக்கிறவன் எப்படிச் சரியாகக் கஜா என்று சொன்னான்? யோசித்து முடிப்பதற்குள் லிஃப்டின் கதிரை பின்னால் இடித்து என்னை அள்ளிக்கொண்டு போனது.

உச்சியில் நான் இறங்கவில்லை, விழுந்தேன். எழுப்பிவிட்டாள். எதிரே பாதையோரம் கட்டிய ஒரு கயிறு, அதில் ஒரு இடைவெளி, அதற்கு அப்பால் நேர் கீழே மரங்கள்.

"போங்கோ."

"காத்து சரியில்லை."

"காத்தே இல்லையே?"

"அதுதான் சரியில்லை எண்டுறன்."

"அப்ப வடக்குச் சரிவுக்குப் போவமோ? தை மாசம் பஞ்சு மாதிரி எண்டனீங்கள்."

"ஓமோம், அருமையான இடம்."

"தை முழுக்க அதைக் கயிறு கட்டி மூடியெல்லோ வைச்சிருந்தவை, ஸ்னோ காணாதெண்டு?"

"உமக்கெப்பிடித் தெரியும்?"

"நான் முன்னுக்குப் போறன். பின்னாலை வாங்கோ."

இரண்டு மரங்களுக்கு நடுவே வளைந்தாள். காணவில்லை.

சீட்டு, ரோல்ஸ், அண்ணை எல்லாம் மறந்துபோயிற்று. என் கஜா காட்டுக்குள் போய்விட்டாள்! அழுகை வந்துவிட்டது. சிவப்பு ஜாக்கெட் போட்ட மீட்புக்காரனைக் கூப்பிட்டு, தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் கொட்டினேன். அவன் ஆறுதலாகக் கேட்டான். கஜாவா? அவள் இதற்குள் கீழே போயிருப்பாள், உங்களை இறக்குவதுதான் பிரச்சினை என்றான்.

கம்பளி சுற்றி, சறுக்குக் கட்டிலில் மல்லாக்கக் கட்டி இறக்கினார்கள். கறுப்பு வைரத்தால் நானும் இறங்கியிருக்கிறேன். வானம் மட்டும்தான் தெரிந்தது.

கீழே அவள் சூடான சொக்லட் குடித்துக்கொண்டிருந்தாள். ஸ்கீக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். கண்ணைச் சுற்றி அதே வெள்ளை. அந்தக் கிறீம் எதுவென்று அப்போதுதான் விளங்கியது.

"சனிக்குச் சனி நான் இஞ்சைதான். உங்களைத்தான் ஒருநாளும் காணேல்லை."

"அப்ப தையல்?"

"அப்ப பஞ்சு?"

நான் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவள் விடவில்லை.

"காட்டுக்குள்ளை போற மனிசன்ரை ஜாக்கெட் மட்டன் ரோல்ஸ் மணக்குமே? குணரத்தினம் அண்ணையின்ரை மனிசி போடுற பெருஞ்சீரகம் எனக்குத் தெரியாதே? அடுத்த சனி தொடக்கம் உங்களுக்குப் பச்சையிலை வகுப்பு. பதிஞ்சிட்டன். கூடப் படிக்கிறதெல்லாம் சின்னப் பிள்ளையள், இடிச்சுப் போடாதேங்கோ."

"ஏலாது கஜா! நான் இல்லாட்டி அங்கை ஆட்டமே இல்லை. அண்ணை பாவம்!"

அப்போது போன் அடித்தது. அண்ணையேதான். பாய்ந்து எடுத்தேன்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ, வரேலாமல் போச்சு. ஆட்டம் நிண்டுட்டுதோ?"

"ஏன் நிக்குது? கஜந்தினி காலமையே உன்ரை இடத்துக்கு றோசலினை அனுப்பிவிட்டிட்டுதே. நீ ஆறுதலா ஸ்கீ பழகு, தம்பி. இந்தக் குளிருக்கு நான் முதல்முதல் வெண்டது இண்டைக்குத்தான்."