மிராசுதார் முன்னால் ஒரு வினைச்சொல்

நாயைக் கண்டால் எனக்குப் பயமில்லை. அகராதியைக் கண்டால்தான் இன்றும் தொடை நடுங்குகிறது.

முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை காலி. மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். வேலை கிடைத்தால்தான் பெண் என்று கறாராகச் சொன்ன மாமா, போய்வரத் தன் சைக்கிளைத் தந்திருந்தார். (சைக்கிள் மேல் இருந்த பாசம் அவருக்கு மகள் மேல் இருந்ததா என்பது சந்தேகம்தான்.)

பள்ளியின் தாளாளர் பெரிய மிராசுதார். குத்தகைக்காரரோடு வருஷக்கணக்கில் வழக்காடி, அந்த வாரம்தான் போலீஸ் காவலோடு வயலில் இறங்கி அறுத்திருந்தார். ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. இவ்வளவும் டீக்கடையில் கேட்டேன். குத்தகைக்காரரின் மகள் அதே வகுப்பில் முதல் பெஞ்சில் இருப்பாள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

கடைசி பெஞ்சில் மிராசுதார், பக்கத்தில் தலைமையாசிரியர். வாசலில் தடியோடு மிராசுதாரின் ஆட்கள். நான் நடத்த வேண்டிய சொல் 'ரெட்ரீவ்'. இழந்ததைத் திரும்பப் பெறுவது என்று அர்த்தம் சொன்னேன். அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். ஐயாவைக் குளிரவைக்கும் ஆசை யாரை விட்டது?

"உதாரணமா, நம்ம ஐயா தன்னோட நிலத்தை ரெட்ரீவ் பண்ணினாங்க."

மிராசுதார் மீசையைத் தடவிக்கொண்டார். மனசுக்குள் நான் தாலியே கட்டிவிட்டேன்.

"இந்தச் சொல் எங்கேருந்து வந்துச்சுன்னும் சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியர்.

முந்தின நாள் உருப்போட்டது மடை திறந்த மாதிரி வந்தது. "பழைய பிரெஞ்சுலேருந்துங்க. முதல்ல வேட்டை நாய்க்குத்தான் சொன்னாங்க. தவறிப்போன இரையை மோப்பம் புடிச்சு..."

அப்போதுதான் என் காதில் விழுந்தது நான் சொன்னது. வாசலில் ஒரு தடி தரையைத் தட்டியது. வேலை வேண்டாம், உயிரோடு வீடு போனால் போதும் என்றிருந்தது.

"தெருநாய் இல்லீங்க ஐயா, நல்ல ஜாதி நாய்" என்றேன். (சமாளித்தேனாம்!)

முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள். "புடிச்சதை அந்த நாயே தின்னுடுமா சார்?"

"இல்லம்மா. சொந்தக்காரங்ககிட்ட கொண்டாந்து கொடுத்துடும்."

"அப்ப எங்கப்பாகிட்ட எப்ப சார் கொடுப்பாங்க?"

அவள் குரலில் துளி நடுக்கமில்லை. அறையில் நடுங்கியது நான் ஒருவன்தான். மிராசுதார் எழுந்தார். நான் பின்வாசல் வழியாக ஓடி, வாய்க்காலில் விழுந்து, சேறும் சகதியுமாக முதலில் வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன்.

அப்புறம் வேறு ஊரில் வேலை கிடைத்தது, மாமா மகளோடு கல்யாணமும் நடந்தது. இன்றும் வீட்டில் சாவி காணவில்லை என்று நான் தேடக் கிளம்பினால், மனைவி கையைப் பிடித்து உட்காரவைத்துவிடுவாள்.

"நீங்க சும்மா இருங்க. எங்கப்பா சைக்கிளே இன்னும் அங்கதான் நிக்குது."