சணலில் ஏறிய சர்க்கரை

எம். புதுப்பட்டி,
செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணி.

மதிப்பிற்குரிய மச்சான் ராஜபாண்டியன் அவர்களுக்குச் சீனிவாசகம் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உங்கள் தங்கச்சி பொன்னுத்தங்கமும் மகள் பிரீத்திகாவும் சுகம். நான் சுகமில்லை. அதற்குக் காரணம் நீங்கள்தான்.

போனில் பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். விருதுநகரிலிருந்து நீங்கள் அனுப்பிய சணல் லோடு என் பட்டாசுக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்கிறது. நான் இறக்கவிடவில்லை. உங்கள் டிரைவர் கருப்பணன் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது. கையிருப்பு இன்று சாயங்காலத்தோடு தீர்ந்துவிடும். நாளை முதல் வெடிக்குச் சணல் சுற்றுகிற அறுபது பேரும் சும்மா உட்கார வேண்டியதுதான். அப்படியும் இறக்கவில்லை என்றால் என் வயிறு எப்படி எரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு லோடிலும் ஒரு முழம் வெட்டி, தேதிச் சீட்டுக் கட்டி, ஆபீஸ் டிராயரில் ஒரு பெட்டிக்குள் போட்டு வைப்பது என் வழக்கம். உங்களுக்கே தெரியும். போன வாரம் ஆபீசைப் பெருக்க வந்த பஞ்சம்மாள், "மொதலாளி, ஒங்க மச்சான் சணல்ல எறும்பு மொய்க்கே, பாத்தீகளா?" என்றாள். வெடிமருந்துப் பக்கம் சர்க்கரை ஆகாது, தீப்பிடித்துவிடும் என்பது இந்தத் தொழிலில் பால்பாடம். ராத்தூக்கம் போச்சு. மகளுக்குப் போன் போட்டேன்.

பிரீத்திகா கோயம்புத்தூரில் பண்ணுகிற ஆராய்ச்சியே இதுதான். சணலோ வாழைநாரோ பஞ்சோ, அதன்மேல் அகச்சிவப்பு என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை அடிப்பாளாம். நார் எதை விழுங்குது, எதைத் திருப்பித் தருதுன்னு பார்த்து, இம்புட்டுச் சர்க்கரைன்னு மெஷின் சொல்லிடுமாம். கரைக்க வேண்டாம், காய்ச்ச வேண்டாம். "எல்லா நாரும் சர்க்கரைச் சங்கிலிதாம்ப்பா. அது இனிக்காது, எறும்பும் வராது. சங்கிலியில சேராம மேல ஒட்டிக் கெடக்குற சர்க்கரைதான் வில்லங்கம்" என்றாள்.

இன்று காலை கைக்கடக்கமான மெஷினோடு வந்து இறங்கினாள். போர்மேன் முனியராஜ் கேட்டிலேயே மறித்துவிட்டார். "தெரியுற வெளிச்சத்தையே உள்ள விடுறதில்ல தாயி. இது தெரியாத வெளிச்சம் வேறயா?" நியாயம்தானே. டிராயர்ப் பெட்டியை வெளியே எடுத்து வந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டோம். மெஷின் 'கீச்'சுன்னு ஒரு சத்தம் குடுத்துச்சு பாருங்க, கேட்டுக்கிட்ட நின்ன யாரோ "ஓடுங்க"ன்னு கத்த, அறுபது பேரும் ரோட்டுல நிக்கிறாக. பஞ்சம்மாள் விளக்குமாறோட ஓடி வந்துட்டா. ஒவ்வொருத்தரா எண்ணி அறுபதும் சரின்னு ஆகுற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல மச்சான். ஒரு கீச்சுக்கே இப்படின்னா, நிஜமா ஒன்னு கெடக்க ஒன்னு ஆனா?

அப்புறம் அளந்தா. ஒரு வருஷத்துச் சணல், பன்னெண்டு முழம். பன்னெண்டுலயும் சர்க்கரை! எடை கூட்டக் கருப்பட்டித் தண்ணி தெளிக்கிறீகளா மச்சான்? அறுபது குடும்பத்துக்கு யாரு பதில் சொல்றது? தங்கச்சியக் குடுத்த வீட்டுக்கே இதைச் செஞ்சா அசலூர்க்காரனுக்கு என்னதான் செய்ய மாட்டீக?

ஆகவே லோடு திரும்பி வருகிறது. இருபத்திரண்டு வருஷக் கொடுக்கல் வாங்கல் இன்றோடு முடிந்தது. உங்கள் பேரன் மொட்டைக்கு வருவேன், மொய் எழுதுவேன், பந்தியில் கை நனைக்க மாட்டேன். பெரியவர்களுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்.

இப்படிக்கு,
மனம் நொந்த
சீனிவாசகம்

பின்குறிப்பு: இதை மடிக்கிற நேரத்தில் பிரீத்திகா உங்கள் லாரியிலிருந்தே ஒரு முழம் வெட்டி அளந்துவிட்டாள். ஒட்டின சர்க்கரை துளிகூட இல்லை. அப்படியானால் டிராயர்ச் சணலுக்கு எங்கிருந்து வந்தது என்று மாதிரிகளைக் கொட்டிவிட்டுப் பெட்டியைத் திருப்பினாள். பாகில் ஊறிய சீரணி மிட்டாய் வாங்கின காலிப் பெட்டி. அடித்தாளில் பாகு இன்னும் பிசுபிசுவென்று இருக்கிறது. டாக்டர் எனக்கு இனிப்பை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. லோடு வருகிற நாளெல்லாம் நான் ஒரு பெட்டி வாங்குவது எனக்கும் அந்த டிராயருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. "டிராயருக்குள்ள இன்னொரு பெட்டி நெறைய இருக்கு மொதலாளி, எடுத்தாரவா?" என்று பஞ்சம்மாள் ஆபீஸ் வாசலிலிருந்தே கத்தியபோது, உங்கள் தங்கச்சி சாப்பாட்டுத் தூக்கோடு என் பின்னால் நின்றாள்.

லோடு இறங்கிக்கொண்டிருக்கிறது. இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "எங்கண்ணன களவாணின்னு எழுதுன கை, மிச்சத்தையும் அதே தாள்ல எழுதட்டும்" என்கிறாள். எழுதிவிட்டேன். மன்னிச்சுக்கோங்க மச்சான். அந்த நிறைப் பெட்டியையும் கருப்பணனிடம் உங்களுக்குக் கொடுத்தனுப்புகிறாள். எண்ணி வாங்குங்கள். ஒன்று குறையும். அவள் தூக்கைத் திறக்கத் திரும்பியபோது குறைந்தது.