கேக்கில் வந்த அரை வரி

"பதினோரு மணிகூட ஆகலை, அதுக்குள்ள உங்க மெஷின் கதவைச் சாத்திடுச்சு!" என்று கேக் மாஸ்டர் மாவு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து கத்தினார்.

"ரீஸ்டார்ட் பண்ணுங்க மாஸ்டர்," என்றான் புரோகிராம் எழுதியவன்.

எந்த வியாதிக்கும் இதே மருந்தைச் சொல்லிச் சொல்லி, அந்தக் கேக் கடையில் அவனுக்கு ரீஸ்டார்ட் என்றே பெயர் விழுந்துவிட்டது. அம்மா அப்பா வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

கடைக்கு ஊருக்குள் நாலு கிளைகள். கேக்கின் மேல் என்ன எழுத வேண்டும் என்று கிளைக் கவுண்டரில் தட்டினால், அது சமையற்கூடத்துக் கம்ப்யூட்டரில் வந்து விழும். மாஸ்டர் திரையைப் பார்த்து அப்படியே க்ரீமில் எழுதிவிடுவார். ஒவ்வொரு ஆர்டருக்கும் கிளைக்கும் கூடத்துக்கும் நடுவே ஓர் இணைப்பு திறக்கும். திறப்பதில் ரீஸ்டார்ட் சூரன். மூட வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தோன்றவே இல்லை. பேசி முடித்த பிறகும் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களைப் போல, இணைப்புகள் எல்லாம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. லைன்கள் நிரம்பியதும் புதிதாக யார் கூப்பிட்டாலும் கம்ப்யூட்டர் வாயைத் திறக்காது.

அவனுக்கு இது வெறும் வேலைப் பிரச்சினை இல்லை. வேலை வாங்கிக் கொடுத்தவர் மாமனார். முதலாளியம்மாவும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். "என் மாப்பிள்ளை கெட்டிக்காரன்" என்று மாமனார் வாய்திறந்து சொன்னது, கல்யாணமாகி இத்தனை காலத்தில், முதலாளியம்மாவிடம் வேலை கேட்ட அன்று ஒரு தடவைதான். வேலை போனால் அந்த ஒரு வார்த்தையும் கூடவே போகும்.

"லைன் பத்தலை, அவ்வளவுதானே?" என்று லைன்களைப் பத்து மடங்காக்கினான்.

அன்று காலை ஓடியது, மதியம் ஓடியது. சாயங்காலம் அத்தனை இணைப்புகளின் கனமும் சேர்ந்து கம்ப்யூட்டரே மயங்கி விழுந்தது. அடுப்புக்கு மணியடிப்பதும் அதே கம்ப்யூட்டர்தான். மணி அடிக்கவில்லை. மாஸ்டர் புகையைப் பார்த்து ஓடிப்போய் அடுப்பைத் திறந்தார்.

"இது என்ன, சாக்லேட் கேக்கா?" என்றாள் முதலாளியம்மா.

"வெண்ணிலாம்மா," என்றார் மாஸ்டர் பரிதாபமாக.

மறுநாள் ரீஸ்டார்ட் ஒரு முடிவோடு வந்தான். சும்மா தொங்குகிற இணைப்பு எதுவானாலும், ஒரு நொடி மௌனமாக இருந்தால் வெட்டு! அன்றைக்குக் கம்ப்யூட்டர் இறகு மாதிரி லேசாக ஓடியது. அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

ஆனால் நீளமான வாசகம் மொத்தமாக வந்து குதிக்காது, துண்டு துண்டாகத்தான் வரும். நடுவில் ஒரு மூச்சு விட்டால் போதும், கத்தி இறங்கிவிடும்.

முதலில் 'இனிய பிறந்தநாள் வாழ்த்' என்று ஒரு கேக் போனது. குழந்தை தின்றுவிட்டது, பிரச்சினை இல்லை. அடுத்து ஒருவர், கேக் பெட்டி ஒரு கையிலும் முறைக்கிற மனைவி மறு பக்கத்திலுமாக, கடைக்குள் வந்தார்.

"கல்யாண நாள் கேக்குங்க. 'இன்னும் நூறு வருஷமா? எனக்குப் பத்தாது!' அப்படின்னு எழுதச் சொன்னேன். நீங்க என்ன எழுதியிருக்கீங்க, பாருங்க."

பெட்டியைத் திறந்தார்கள். பெரிய இதயத்துக்கு நடுவே, 'இன்னும் நூறு வருஷமா?'

"மாஸ்டர், பாதியில நிக்குதேன்னு கேக்கக் கூடாதா?" என்று ரீஸ்டார்ட் பல்லைக் கடித்தான்.

"புருஷன் பொண்டாட்டி விஷயம். எனக்கெதுக்கு வம்பு? திரையில வர்றதை எழுதறேன்."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"இன்னொரு கேக் அரைகுறையா வெளிய போச்சுன்னா, நீங்களும் உங்க புரோகிராமும் அது பின்னாலேயே போயிடலாம். உங்க மாமனார் முகத்துக்காகத்தான் இவ்வளவு பொறுமை."

வீட்டுக்கு வந்தால், மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு பொருமிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அப்பாவோட ரிட்டயர்மெண்ட் பார்ட்டி. எந்த ஹால்னு கேக்கறதுக்குள்ள டொக்குன்னு வச்சுட்டார். அவர் சொல்லி முடிச்சா போதும், நாம முடிச்சோமான்னு என்னிக்காவது கேட்டிருக்காரா? வீட்லயும் இப்படித்தான், ஆபீஸ்லயும் இப்படித்தான். பாவம் அந்த ஜனங்க!"

அவன் தன் கதையைச் சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்ப நீங்க எங்கப்பா மாதிரியே ஒரு மெஷின் பண்ணி வச்சிருக்கீங்க! எதிர்ல இருக்கறவங்க முடிச்சாங்களான்னு கேட்டுட்டுத்தான் போனை வைக்கணும்."

ரீஸ்டார்ட் அவளையே பார்த்தான். படித்த காலத்தில் வாத்தியார் கரடியாய்க் கத்தியதும் இதையேதான். அன்று அவன் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தான்.

விடிந்ததும் ஓடிப்போய் எழுதினான். கிளை, எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, 'நான் முடித்தேன்' என்று சொல்லும். கூடம் கடைசி எழுத்துவரை வாங்கிக்கொண்டு, 'கிடைத்தது, நானும் முடித்தேன்' என்று சொல்லும். அப்புறம்தான் இரண்டும் மூடிக்கொள்ளும். முடித்தேன் என்று சொல்லாமல் பாதியில் அறுந்த ஆர்டர் மாஸ்டர் திரைக்கே வராது. முழுசாக அனுப்பச் சொல்லிக் கிளைக்கே திருப்பிக் கேள்வி போகும்.

மத்தியானம்வரை வந்த ஆர்டர்களை ஒவ்வொரு கிளையிடமும் வாசித்துக் காட்டினான். ஓர் எழுத்து குறையவில்லை. மாஸ்டர்கூட "பரவாயில்லை, ரீஸ்டார்ட்டே சொல்லலை இன்னிக்கு," என்றார். அவன் நிம்மதியாகக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு பார்ட்டிக்குப் புறப்பட்டான்.

அலுவலக ஹாலில் பலூன்கள் தொங்கின. மாமனார் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பாராட்டிப் பேச எழுந்த எல்லோரையும் "சரி சரி, புரியுது, உக்காருங்க," என்று பாதியிலேயே உட்கார்த்தினார். முன்வரிசையில் முதலாளியம்மா. ஊழியர்கள் சேர்ந்து வாங்கிய கேக் வந்தது. முதலாளியம்மா கடை கேக்தான். அன்று பிற்பகல் கொடுத்த ஆர்டர்.

டைப்பிஸ்ட் அம்மா பெட்டியைத் திறந்தாள்.

'ஐயா, நீங்கள் போன பிறகு இந்த அலுவலகம் நிம்மதியாக இருக்கும்.' கடைசியில் அழகாக ஒரு செர்ரிப் பழம்.

ஹாலில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. மாமனார் அதை இரண்டு தடவை படித்தார். எப்போதும் அடுத்தவர் பேச்சை வெட்டுகிற மனிதர், கேக் வெட்ட எடுத்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவரை அப்படி ரீஸ்டார்ட் பார்த்ததே இல்லை. பார்க்கச் சகிக்கவும் இல்லை.

அவனுக்கு ஒன்றுதான் தோன்றியது. மறுபடியும் அறுந்துவிட்டது! முன்வரிசையில் முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினாள். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் இந்த மனிதர் இன்று இரவு தூங்கமாட்டார்.

"மாமா, தப்பு என்னோடது!" என்று எழுந்தான். "வாசகம் பாதியில அறுந்து போச்சு. என் புரோகிராம் சரியில்லை. இவங்க எழுதினது முழுசா வரலை."

"மீதி என்ன?" என்றார் மாமனார். குரல் கம்மியிருந்தது.

மீதி யாருக்குத் தெரியும்? அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"'நிம்மதியாக இருக்கும் என்று எங்களால் நினைக்கவே முடியவில்லை.' அதான் முழு வரி."

ஊழியர்கள் கைதட்டினார்கள். கூரை பெயர்ந்து விழுகிற மாதிரித் தட்டினார்கள். மாமனார் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, கேக்கை வெட்டி, முதல் துண்டை அவன் வாயில் ஊட்டினார்.

"இத்தனை பேர் முன்னால தப்பை ஒத்துக்கறதுக்கு ஒரு தைரியம் வேணும் மாப்பிள்ளை. வேற ஏதாவது சொல்லணுமா? சொல்லுங்க, நான் கேக்கறேன்."

அவன் வாய் நிறையக் கேக்கோடு தலையை மட்டும் ஆட்டினான்.

முதலாளியம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "காலையில கணக்கை முடிச்சுக்க வாங்க," என்று புன்னகை மாறாமல் சொல்லிவிட்டுப் போனாள்.

சோர்ந்துபோய் வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தவன் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். டைப்பிஸ்ட் அம்மா.

"கோயில் கட்டணும் சார் உங்களுக்கு! ஆர்டர் குடுக்கறப்ப எல்லாருக்கும் தைரியம் இருந்துச்சு, பெட்டியைத் திறந்ததும் எங்க போச்சுன்னே தெரியலை."

"இதுல தைரியம் எதுக்கும்மா? வரி அறுந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க மெஷின் ஒரு எழுத்துகூட விழுங்கலை சார், நாங்க எழுதிக் குடுத்ததே அந்த முற்றுப்புள்ளி வரைக்கும்தான்."